மாடத்தியின் ஈசல் தூண்டில்

திருத்தங்கல் மாடத்தி வீசினால், தூண்டில் முள் ஆகாயத்தில் போகிற தும்பியின் மீசையை மழித்துவிட்டு, தும்பிக்கே தெரியாமல் திரும்பி வந்துவிடும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். தும்பிக்கு மழிக்கிற அளவுக்கு மீசை கிடையாது என்பது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. மழித்தது என்று வேண்டாம், உரசியது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆற்றின் நடுவில் மிதந்து போகிற வேப்பிலையின் மேல் அவளுடைய முள் போய் உட்கார்ந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

மாடத்தி பட்டாசுக் கம்பெனியில் திரி சுற்றுகிறவள். வெடிமருந்தில் தோய்த்துக் காயவைத்த நூலை வண்ணக் காகிதத்தில் உருட்டி, ஓரத்தைப் பசையால் ஒட்டி, கட்டுக்கட்டாக முடிந்து வைக்க வேண்டும். அவள் போடுகிற முடிச்சு இடது பக்கமாகத் திரும்பியிருக்கும், அவள் இடக்கைக்காரி. ஆமையாக ஊர்ந்து எரிகிற திரி ஒன்று, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடி முடிக்கிற வேகத்திரி ஒன்று என்று இரண்டு வகை உண்டு. அவளுடைய கம்பெனியில் பச்சைக் காகிதம் சுற்றியது மெதுவானது, சிவப்பு சுற்றியது வேகத்திரி. ஒரு கம்பெனியின் நிறம் அடுத்த கம்பெனிக்குப் பொருந்தாது. அவரவர் கையில் எந்தக் காகிதம் மலிவாகக் கிடைத்ததோ அதுதான் அடையாளம். சீசன் மும்முரத்தில் திரிக்கட்டுகளை வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று போர்டு வைத்திருப்பார்கள். அந்தப் போர்டுக்கு அடியில் வைத்தே எண்ணிக் கொடுப்பார்கள்.

தூண்டில் வித்தை மட்டும் இந்த ஊர்ச் சரக்கல்ல. மாடத்தியின் அப்பனும் ஆத்தாளும் பஞ்சம் பிழைக்க மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். அங்கே ஓடையில், வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரவுட் என்கிற புள்ளிமீன் இருந்தது. மண்புழு மாட்டினால் அது கடிக்காது என்றில்லை. மண்புழுவைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று மேனேஜர்மார்களும் அவர்களுடைய விருந்தாளிகளும் நினைத்தார்கள். அதனால் முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சியைப் போலச் செய்வார்கள். கனத்த நூலைத் தலைக்கு மேல் சாட்டையாகச் சுழற்றி, தண்ணீரில் ஒரு பூச்சி தற்செயலாக இறங்கியது போல இறக்குவார்கள். மீன் பூச்சி என்று நம்பிக் குதிக்கும். அவர்கள் வீசியதில் பாதி மீனுக்குப் போனது, பாதி மரக்கிளைக்குப் போனது.

கிளைக்குப் போனதெல்லாம் மாடத்திக்குச் சேர்ந்தது. கொழுந்து பறிக்கிற ஆத்தாளின் முதுகுக்குப் பின்னால் நழுவி, புதரில் சிக்கிக் கிடந்த இறகு முட்களைப் பொறுக்கினாள். ஈற்றை என்கிற மெல்லிய மூங்கில் கழியில் கட்டி, ஆளில்லாத வளைவில் நின்று வீசிப் பார்த்தாள். பிடரியில் ஒரு தழும்பு, தோளில் ஒரு தழும்பு, கன்னத்தில் நீளமாக ஒன்று. அந்தத் தழும்புகள் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம்தான்: முன்னால் வீசுவது பெரிதல்ல. பின்னால் போன நூல் முழுதாக நீண்டு நிமிர்கிற வரை கை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் முள் தன் உடம்பில்தான் ஏறும்.

ஒரு ஆடி மழையில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்தை அப்படியே மூடியது. அப்பனைத் தோண்டி எடுத்தார்கள். ஆத்தாளின் வலது கால் மட்டும்தான் கிடைத்தது. மாடத்தி கைக்குழந்தையான தம்பி சுந்தரபாண்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருத்தங்கலில் சித்தி வீட்டுக்கு இறங்கி வந்தாள். பிறகு பெத்தணனுக்கு வாக்கப்பட்டாள். சீதனமாக ஒரு மச்சினனைக் கொண்டுவந்தவள் என்று பெத்தணன் கேலி பேசுவான். ஆனால் அந்த மச்சினனைத் தோளில் வைத்துத் திருவிழாவுக்குத் தூக்கிப் போனதும் அவன்தான்.

அர்ச்சுனா ஆறு வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலும் கருவேலமுமாகத்தான் கிடக்கும். ஐப்பசியில் ஒரு வெள்ளம் வரும். கீழே குட்டைகளிலும் கண்மாய்களிலும் ஒதுங்கிக் கிடந்த கெண்டையும் கெளுத்தியும் விராலும், வயிறு புடைக்கச் சினையோடு, அந்த வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும். ஊருக்கு மேற்கே தடுப்பணை மறிக்கும். அதற்கு அடியிலுள்ள பாறைமடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த வெள்ளம் அணையைத் தாண்டித் தூக்கிவிடக் காத்துக் கிடக்கும். அதே சமயத்தில்தான் தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் கதவைச் சாத்தியிருக்கும். மற்ற ஊர்க்காரன் மீன் ஏறுகிறது என்றால் வலையை எடுப்பான். இந்தப் பக்கத்து ஆம்பளைகள் மிச்ச மருந்தைச் சணலில் சுற்றித் தோட்டா செய்வார்கள். தண்ணீருக்குள் ஒரு அதிர்வு. மடு முழுக்க வெள்ளை வயிறு மேலே வரும்.

பெத்தணன் அதில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன். மீன் நன்றாகக் கூடட்டும் என்று திரியைப் பற்றவைத்த பிறகும் கையிலேயே வைத்திருப்பான். ஒரு ஐப்பசியில் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்துவிட்டான். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போனது. முகத்தில் சதைத் துணுக்கு அப்பியிருக்க, அவன் நின்றபடியே இடக்கையால் வலக்கையைத் தேடினானாம்.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டவர்கள், மீனை வீணாக்க வேண்டாம் என்று பங்கு பிரித்தார்கள். பெத்தணன் பங்கு நியாயமாக வீட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்த மாடத்தி, நாறிப் போகுமே என்று சாம்பலைத் தூவி மீனை உரசினாள். கெண்டைகளுக்கு நடுவே செதில் இல்லாத ஒன்று வழுக்கியது. செப்பு மோதிரத்தோடு ஒரு விரல். விரலைக் கழுவி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். மீனைச் சட்டியோடு கொண்டுபோய், பங்கு பிரித்த செந்தூர்பாண்டியின் வாசலில் கவிழ்த்தாள். செந்தூர்பாண்டிதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன். சொந்த டிராக்டர் வைத்திருந்ததால் குரலும் டிராக்டர் மாதிரிதான் இருக்கும்.

அதற்குப் பிறகு வெடியில் செத்த மீன் மாடத்தி வீட்டு அடுப்பில் ஏறவில்லை. மீன் வேண்டுமென்றால் தானே பிடித்தாள். மழை விட்ட காலையில் ஈசல் புற்றைவிட்டுக் கிளம்பி, தண்ணீரில் விழுந்து துடிக்கும். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறக்கும். மாடத்தி வெள்ளைக் கோழியின் கழுத்து இறகைத் திரி நூலால் முள்ளில் கட்டி, நுனியை விளக்கில் காட்டிப் பழுப்பாக்கி, ஈசலுக்கே சந்தேகம் வராத ஈசலாகச் செய்தாள். பல இழை நூலை முறுக்கி மெழுகு தேய்த்தால் வீசுகிற நூல். மூங்கில் கழி. இவ்வளவுதான் அவளுடைய கம்பெனி.

இனி இரண்டாயிரத்து ஐந்தாம் வருடத்துக்கு வரலாம். அந்த வருடம் தீபாவளிக்குப் பின்னால் பெய்த மழை பெருமழை. பாறைமடுவில் கைவைத்தால் மீன் முதுகு தட்டுகிறது என்று செய்தி வந்தது. சுந்தரபாண்டி அதற்குள் மீசை முளைத்து, வேறொரு கம்பெனியில் வெடி உருட்டுகிறவனாகி, வள்ளித்தாயைக் கட்டி, அவளும் நிறைமாதமாக இருந்தாள். செந்தூர்பாண்டி அவனைத் தேடி வந்தான். பெத்தணன் விலகிய பிறகு கூட்டத்துக்கு நல்ல கை இல்லை, நீதான் வரவேண்டும் என்று தூக்கிவைத்துப் பேசினான். தம்பி சரி என்று தலையாட்டியது மாடத்தியின் காதுக்கு வர அதிக நேரம் பிடிக்கவில்லை.

வெடி போடக் குறித்த நாளுக்கு முந்தின நாள் முழுக்க அவள் சும்மா இருக்கவில்லை. முதலில் அழுதாள். பிறகு மாரியம்மன் மேல் சத்தியம் கேட்டாள். பிறகு முருங்கை மரத்தடியைக் காட்டினாள்.

“அத்தானுக்குத் திரிக் கணக்குத் தெரியாதுக்கா. நான் தினமும் அதுலயே கெடக்கேன். என்னைப் போய் அவுகளோட சேக்குறியே,” என்றான் சுந்தரபாண்டி.

மறுநாள் விடியற்காலையில் கடைசி அஸ்திரமாக, வள்ளித்தாய்க்கு வலி கண்டுவிட்டது என்று தெருமுனையில் நின்ற தம்பியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடினான். வள்ளித்தாய் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய சோற்றுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்தான் பின்னால் வினையாக வந்தது.

பொய் பலிக்காது என்று மாடத்திக்கும் தெரியும். அவன் வீட்டுக்கு ஓடிய நேரத்தில் அவள் கழியை எடுத்துக்கொண்டு நேரே பாறைமடுவுக்குப் போனாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டாள். ஆள் நிற்கிற மடுவில் எவன் தோட்டா போடுவான் என்பது அவள் கணக்கு. கூடவே வந்த பெத்தணன் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தான். மழை விட்டிருந்தது. தண்ணீர் முழுக்க ஈசல் இறகு. அவள் வீசினாள், நூல் பின்னால் நீண்டது, காத்திருந்தாள், முன்னால் விட்டாள். இறகு ஈசல் இறங்கிய இடத்தில் தண்ணீர் பிளந்து ஒரு கெண்டை பாய்ந்தது. அதை இழுத்துக் கரையில் எறிந்து முடிப்பதற்குள் டிராக்டர் சத்தம் கேட்டது.

செந்தூர்பாண்டியோடு ஏழெட்டுப் பேர். சுந்தரபாண்டியின் தோளில் மஞ்சப்பை. அவனுக்குப் பின்னால், அக்காளையும் தம்பியையும் சேர்த்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வயிற்றைத் தாங்கிக்கொண்டு வள்ளித்தாயும் வந்தாள்.

“ஏ மாடத்தி, வெளிய வா. கோழி றெக்கய வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் கொசு விரட்டுவ?” என்றான் செந்தூர்பாண்டி.

“நான் இங்கனதான் நிப்பேன். போடணும்னா போடுங்க. மீனோட சேத்து என்னையும் பங்கு வச்சுக்கிடுங்க,” என்றாள் மாடத்தி. “விரலு வேணுங்கிறவுக முன்னாடியே சொல்லிருங்க.”

சிரிக்கக் கிளம்பிய ஒன்றிரண்டு பேரும் சிரிப்பை விழுங்கினார்கள். எவனோ கல்லை எடுத்து எறிந்தான். அது அவளுடைய நெற்றியோரம் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிவிட்டு, மறுபடியும் நின்றாள். அடுத்த கல் விலாவில் விழுந்தது.

பெத்தணன் எழுந்தான். நேராக மச்சினனிடம் போய், இருக்கிற கையால் மஞ்சப்பையைப் பிடித்து இழுத்தான். செந்தூர்பாண்டி குறுக்கே வந்து அவனுடைய முழங்கால் மடிப்பில் உதைத்தான். விழுந்தவன் சும்மா விழவில்லை. செந்தூர்பாண்டியின் கெண்டைக்காலைக் கடித்தான், பல் சதைக்குள் இறங்கும்படி. பிறகு நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். டிராக்டரில் கிடந்த மண்வெட்டியின் மரக்கணை அவனுடைய முதுகில் இறங்குகிற சத்தம், ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் மாதிரி கேட்டது. மூக்கு உடைந்தது. மழுங்கிய கை மண்ணைப் பிறாண்டியது. செந்தூர்பாண்டி அவன் பிடரியில் முழங்காலை ஊன்றி முகத்தைச் சேற்றுக்குள் அமுக்கினான். விட்டுவிடுங்கள் என்று சுந்தரபாண்டி சொன்னான். ஆனால் சொன்ன இடத்தைவிட்டு நகரவில்லை. தோளில் தூக்கிச் சுமந்தவன் சேற்றில் மூச்சுக்கு முட்டுகிறான், இவன் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மாடத்தி அதைப் பார்த்தாள்.

அவள் தண்ணீரைவிட்டு வெளியே வந்தாள். கையிலிருந்த கழியின் அடிப்பக்கத்தால் செந்தூர்பாண்டியின் கழுத்தில் ஒரு போடு போட்டாள். அவன் சாய்ந்தான். புருஷனின் தலைமயிரைப் பிடித்துச் சேற்றிலிருந்து தூக்கினாள். அவன் இருமி, ரத்தமும் மண்ணுமாகத் துப்பி, மூச்சு வாங்கினான். அது போதும் என்று நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது: மடு காலியாகிவிட்டது. இப்போது அதில் ஆள் இல்லை.

சுந்தரபாண்டிக்கும் அது விளங்கியிருந்தது. அவன் நீர் விளிம்பிலிருந்த பாறைமேல் ஏறிப் பையிலிருந்து சணல் உருண்டையை எடுத்தான். அதன் தலையிலிருந்து ஒரு திரி நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்புத் திரி. பையின் வாயில் தெரிந்த மிச்சத் திரிக்கட்டின் முடிச்சு இடது பக்கமாகத் திரும்பியிருந்தது.

“ஏலே, அது எங்க உள்ள திரி?” என்றாள் மாடத்தி.

“ஒன் பரண்ல உள்ளதுதான். ஒரு வார மழையில என் திரி பூராம் நமத்துப் போச்சு. ஒன்னுதுதான் அடுப்புக்கு மேல நல்லாக் காஞ்சு கெடந்துச்சு.”

இந்தப் பக்கத்து வீடுகளில் மிளகாய் வற்றலும் திரிக்கட்டும் ஒரே பரணில் காய்வது ஒன்றும் அதிசயமில்லை. அதிசயம், அக்காள் கைப்பட முடிந்த கட்டை எடுத்து வந்தவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காததுதான்.

“அது வேகத்திரிலே. கீழ போடு. எங்க கம்பெனியில செவப்புன்னா வேகம்.”

“செவப்புன்னா மெதுவாத்தான் போவும். நெதம் செவப்புலதான நான் வேலை பாக்கேன்.”

“ஒங்க கம்பெனியில அப்படி. இது எங்க கம்பெனி திரி. சுத்துனவ சொல்லுதேன்லே.”

“காலையில எம் பொண்டாட்டிக்கு வலி கண்டுச்சுன்னும் நீதான் சொன்ன,” என்றான் சுந்தரபாண்டி. வாயிலிருந்த பீடியை எடுத்து ஒரு ஊது ஊதிச் சிவக்க வைத்தான்.

அவன் நம்பவில்லை. அவன் இடத்தில் யாராக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். ஓடிப்போய்ப் பிடுங்க நேரமில்லை. நடுவே வழுக்குப்பாறையும் அதற்குமேல் ஆட்களும். அவளிடம் இருந்தது கழியும் நூலும் ஒரு இறகு முள்ளும் மட்டும்தான். பீடி திரியைத் தொடுவதற்குள் மாடத்தியின் கை பின்னால் போய்விட்டது.

நூல் அவளுடைய தலைக்குப் பின்னால், கருவேலத்துக்கும் டிராக்டருக்கும் இடையே உள்ள சந்தில் பறந்தது. திரி பற்றியது. அது ஊரவில்லை, சீறியது. சுந்தரபாண்டியின் முகத்தில் ஒரு கணம் சின்னப் பிள்ளையின் களை வந்தது. விரல்கள் உருண்டையை விட மறந்து இறுகின. பெத்தணனுக்கும் அப்படித்தான் இறுகியிருக்கும். இப்போது வீசினால் நூல் பாதியில் மடங்கி விழும். முள் போய்ச் சேராது. அவள் உடம்பு முழுக்க வீசு வீசு என்று கத்தியது. மூணாற்றுத் தழும்புகள் மட்டும் பொறு என்றன. நூலின் கடைசி முழமும் நீண்டு நிமிர்ந்து கையை ஒரு சுண்டு சுண்டியது. அப்போதுதான் விட்டாள்.

இறகு ஈசல் பறந்து போனது. போய்த் தோட்டாவின் சணல் முடிச்சிலேயே கச்சிதமாக உட்கார்ந்தது. மாடத்தி ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். உருண்டை தம்பியின் கையைவிட்டுக் கிளம்பி, செந்தூர்பாண்டியின் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, தடுப்பணையையும் தாண்டி உயர எழும்பி, எந்தக் கம்பெனியும் அதுவரை செய்யாத வாணவெடியாக ஆகாயத்தில் வெடித்தது. காரியாபட்டி வரைக்கும் ஆட்கள் இரண்டாம் தீபாவளி என்று நினைத்து வாசலுக்கு வந்தார்கள். அந்த அதிர்ச்சியில் மடுவிலிருந்த மீன் அத்தனையும் ஒரே துள்ளலில் அணையைத் தாண்டிவிட்டன...

“எல்லாம் சரியாத்தான் சொல்லிக்கிட்டு வந்தீக. கடைசியிலதான் குண்டு ஆகாயத்துக்குப் போயிருச்சு,” என்று கதை சொல்லிக்கொண்டிருந்த என்னை மறித்தாள், இத்தனை நேரம் முறத்தில் அரிசி புடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த வள்ளித்தாய். “நான் அங்கனதான நின்னேன். முள்ளு குண்டுல மாட்டல. இவுக காதுல மாட்டுச்சு. காதப் பிச்சுக்கிட்டுத்தான் திரும்பி வந்துச்சு. வலியில ரெண்டு கையவும் கொண்டு காதப் பொத்துனாக. குண்டு தானா நழுவி உருண்டு தண்ணியில விழப்போற நேரத்துல வெடிச்சுச்சு. கல்லுத் தெறிச்சு செந்தூர்பாண்டி அண்ணாச்சி முட்டி செதறிப் போச்சு. இன்னைக்கும் நொண்டிக்கிட்டுத்தான திரியுதாக. மீனுல பாதி செத்துத்தான் மெதந்துச்சு. அங்கனயே எனக்கு நெசமாவே வலி கண்டுருச்சு. அப்பவும் இவுக நம்பல.”

இவுக என்று அவள் முறத்தால் சுட்டிய சுந்தரபாண்டி, கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். இரண்டாகப் பிளந்த வலது காதுமடல், மெல்லும்போதெல்லாம் தனித்தனியாக ஆடியது.

மாடத்தி முள்ளில் இறகைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“காதும் இல்ல வள்ளி. நான் கண்ணப் பாத்துத்தான் வீசுனேன். ஒத்தக் கண்ணு போனாலும் ரெண்டு கையிருந்தாப் பொழச்சுக்கிடுவாம்லா. கடைசி நேரத்துல கழுதை தலையத் திருப்பிட்டான்.”